கால் ஆணி

உப்பளத்தில் வேலை செய்யும் கன்னியப்பனுக்கு உள்ளங்காலில் ஆணி. காலை ஊன்ற முடியவில்லை. மரக்காணம் கிளினிக்கில் டாக்டர் அதைக் கரன்ட் வைத்துச் சுட்டு எடுக்கத் தயாரானார். கரன்ட் வெளியேறுவதற்கான பிளேட்டை நர்ஸ் மலர்கொடி கன்னியப்பனின் தொடையில் ஒட்டினாள். ஒட்டவில்லை. துடைத்தபோது பஞ்சில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக்கொண்டு வந்தது. உப்புப் பாத்திச் சேறாக இருக்கும் என்று குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பிளேட்டை மறுபடி அழுத்தி ஒட்டினாள்.

சற்று முன்தான் ஒரு பெண்ணின் மருவைப் பொசுக்கிய மெஷின், இப்போது சத்தம் மட்டும் போட்டது. புகையில்லை, கருகலில்லை. டாக்டர் கரன்ட்டைக் கூட்டிப் பார்த்தார். தோல் வெளுப்பாக அப்படியே இருந்தது.

"வீணா சிரமப்படாதீங்க சார்," என்றார் கன்னியப்பன். "அன்னைக்கு சுடுகாட்டுலயும் இப்படித்தான். கட்டை அடுக்கி, சீமெண்ணெ ஊத்தி, என்னென்னமோ பண்ணாங்க. ஒடம்பு பூரா எரிஞ்சுடுச்சு. உப்பேறுன இந்தக் காலு ரெண்டு மட்டும் வேகவே இல்லைங்க."

மலர்கொடி தொட்டியில் கிடந்த பஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.