யூனுஸின் அசதி

புற்றுநோய் வைத்தியத்துக்காக துபாயிலிருந்து அவசர விடுப்பில் அதிராம்பட்டினம் வந்த யூனுஸ் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. பார்க்க வந்த, துபாயில் அதே கம்பெனியில் வேலை செய்யும் சித்தி மகன் ஷேக் பரீத் குழம்பிப் போனான். ஏசி கம்ப்ரஸரைத் தனியாளாகத் தூக்கிய அண்ணன், பட்டப்பகலில் பாயில் சுருண்டு கிடந்தார்.

“வைத்தியம்தான் முடிஞ்சிடுச்சே காக்கா, இன்னுமா அசதி?”

யூனுஸ் படுத்தபடியே விளக்கினார். “நோயைக் கொன்ன மருந்து நல்ல அணுவையும் அடிச்சிருக்குடா. திங்கிற சோத்தையெல்லாம் உடம்பு அந்த ரிப்பேருக்கே செலவழிக்குது. மிச்சம் இருந்தாத்தானே எழுந்து நடக்க? மாசக்கணக்கா இழுக்குமாம்.”

“இந்த மாசம் வரலேன்னா வேலை போயிடும்னு மேனேஜர் சொல்லிவிட்டாரு.”

யூனுஸ் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஃபஹ்மிதா! பாத்திரத்தை உருட்டாம போய்ப் படு. எனக்குத் தூக்கமே வரல!”

“பெரிய நவாபு! ஆம்பள பகல்ல இப்படியா கிடப்பாங்க?” முணுமுணுத்தபடி மனைவி உள்ளே போய்ப் படுத்தாள்.

அவள் கண்ணயர்ந்ததும் யூனுஸ் துள்ளி எழுந்தார். கைலியை மடித்துக் கட்டினார். வாசலில் கிடந்த அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி அடுப்படியில் இறக்கிவிட்டு, பாத்திரம் விளக்க உட்கார்ந்தார்.

“காக்கா! அப்ப உங்களுக்கு...”

“மெதுவாப் பேசு. நோய் வந்தது அவளுக்குடா. புருஷன் வேலை பார்க்க நான் படுக்கவான்னு எழுந்துடுவா. நான் கிடந்தாத்தான் அவளும் கிடப்பா.”

“மேனேஜர்கிட்ட என்ன சொல்ல?”

உள்ளே கட்டில் அசைந்தது. யூனுஸ் சோப்புக் கையோடு பாய்க்கு ஓடினார்.

“எனக்கு ஒரே அசதின்னு சொல்லிடு.”