வியாகப்பனுக்கு வைத்த போர்டு

"அய்யோ, எண்டெ பகவானே! அண்ணாச்சி, நீங்க மரிச்சுப் போயில்லையா?"

சாயாக்கடை விஸ்வேஸ்வரன் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து நொறுங்கியது. எதிரே நின்ற வியாகப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் சாயா குடிக்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"என்ன சேட்டா, நேத்துக்கூட ஒங்க கடையிலதான குடிச்சேன்!"

"அப்போ அது யாரு?" விஸ்வேஸ்வரன் பஜார் முக்கைக் காட்டினார்.

அங்கே ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. சுற்றிலும் கறுப்புப் பட்டை, மேலே மலையாளத்தில் பெரிய எழுத்து, நடுவே வியாகப்பனின் முகம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய முகம்தான். ஆனால் அந்தக் கட்டம் போட்ட சட்டையைக்கூட அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

இத்தனை வருஷம் மட்டாஞ்சேரியில் காய்கறி விற்றும் மலையாளம் படிக்கக் கற்றுக்கொள்ளாத மனுஷன் அவன்.

"என்ன எழுதிருக்கு சேட்டா?"

"'நம்முடெ அண்ணாச்சிக்கு ஆதராஞ்சலிகள்.' கீழே 'கூட்டுகார்'னு இருக்கு, சிநேகிதன்மாராக்கும். நான் காலையில கண்டதும் கரைஞ்சுபோயிட்டேன்."

வியாகப்பன் என்று ஒரு பேர் இருப்பது அந்தக் கடைத்தெருவில் யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் அவன் அண்ணாச்சி.

வேறு யாராக இருந்தாலும் போர்டு வைத்தவனைத் தேடிப் பிடித்து நாலு போடு போட்டிருப்பார்கள். வியாகப்பனுக்கோ மயிர்க்கூச்செறிந்தது. போன ஞாயிறு மாதா கோயில் தமிழ்ப் பூசையில் சாமியார் என்ன கேட்டார்? "நாளைக்கே முக்கில் உன் படத்தை வைத்து போர்டு கட்டினால், ஆண்டவர் முன்னால் நிற்க நீ தயாரா?" அதைக் கேட்டபோது வியாகப்பன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"சேட்டா, இது ஆளுங்க வெச்ச போர்டு இல்ல. ஆண்டவர் வெச்சது!"

கடையைத் திறக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குப் போய் சாமியார் முன்னால் முழங்கால் போட்டான்.

"சாமி, எங்க அண்ணங்கிட்ட பன்னெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. சப்பரத் திருநாள்ல நான் குடிச்சிட்டு ஆடினேன்னு ஊரு முன்னால அறைஞ்சான். அன்னைக்கு விட்டதுதான். அவன் வீட்டு நம்பர் ஒண்ணுகூட என் போனுக்கு வராம தடுத்து வெச்சிருக்கேன்."

"தப்பு யார்மேல?"

"எம்மேலதான் சாமி." இதை அவன் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

"அண்ணன் எங்க இருக்கார்?"

"இடக்கொச்சியில, சரக்கு ஆட்டோ ஓட்டுதான்."

"அப்புறம் ஏன் இன்னும் இங்கே மண்டி போட்டிருக்கே? கிளம்பு!"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தோப்பும்படி வந்ததும் எட்டிப் பார்த்தான். அங்கேயும் அவன் முகம்! பள்ளுருத்தியில் இரண்டு! ஆண்டவர் விடுவதாக இல்லை. பக்கத்து சீட் அம்மா போர்டைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சேச்சி! உசுரோடதான் இருக்கேன். எனக்கு இன்னொரு நாள் குடுத்திருக்காரு!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்து எத்தனை காலமாயிற்று! "அண்ணே, என்னைய மன்னிச்சிரு" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அண்ணன் மன்னிப்பானா? பிடிவாதக்காரன். தம்பி என்று ஒருத்தன் இருந்ததையே தலைமுழுகியிருப்பான். கதவை முகத்தில் சாத்தினாலும் சாத்தட்டும், ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டாவது வரவேண்டும்.

இடக்கொச்சியில் இறங்கி வீட்டை விசாரித்துக்கொண்டு போனால், தெருவை அடைத்துச் சரக்கு ஆட்டோக்கள். வாசலில் பந்தல். பந்தல் காலில் மறுபடியும் அவன் படம்.

'இங்கேயும் எனக்குத்தானா!' வியாகப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் நிமிர்ந்தான். பேயறைந்தவன் மாதிரி இவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க... ராயப்பன் அண்ணாச்சிக்குத் தம்பியா?"

"ஆமா. அண்ணன் எங்க? அவசரமாப் பாக்கணும்."

அவன் உள்ளே கைகாட்டினான். கூடத்தில் பெட்டி. தலைமாட்டில் மெழுகுவர்த்தி.

"நேத்து சாயங்காலம் நெஞ்சுவலி. அண்ணாச்சி போன்லருந்து ஒங்களுக்கு எத்தனையோ தடவ அடிச்சுப் பாத்தோம், போகல." காக்கிச் சட்டைக்காரன் பந்தல் காலில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தான். "மன்னிச்சிருங்கண்ணே. மதினி மயங்கிக் கெடந்தாங்க, கேக்க ஆளில்ல. அவரோட சின்ன வயசுப் படம்னு நெனச்சுத்தான் போர்டுல போட்டோம். அண்ணாச்சி பர்ஸுல இருந்த ஒரே போட்டோ அதுதான்."