இரண்டு இடத்து இலைகள்

"இன்னாம்மா அது, குடுவைல புகையுது? ஏரில ஊத்தப்போறியா?"

படகைத் தள்ளிக்கொண்டிருந்த சாலமன் கழியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"திரவ நைட்ரஜன், ஐயா. இலையைப் பறிச்ச நொடியே இதுல உறைய வைக்கணும். இல்லேன்னா பறிச்சதுலயே ஹார்மோன் அளவு மாறிடும்" என்றாள், ஆராய்ச்சிக்கு வந்திருந்த அர்ச்சனா.

"மனுசனுக்குத்தான் அதெல்லாம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. மரத்துக்குமா?"

"மரம் கஷ்டப்பட்டா ஒரு ஹார்மோன் ஏறும். இலை பச்சையாத்தான் இருக்கும். சாறு எடுத்து மெஷின்ல அளந்தா, உள்ளே அது படுற பாடு தெரிஞ்சிடும்."

சாலமன் நம்பவில்லை. தொழிற்சாலைக் கழிவுநீர்க் குழாய் வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து அலையாத்தி மரங்களடியில் நண்டும் இல்லை, இறாலும் இல்லை. மீனவர் சங்கம் வழக்குப் போட்டது. 'மரம் பச்சையாகத்தானே நிற்கிறது' என்று வாதாடியது கம்பெனி. அவர்கள் ஊரான தோணிரேவில் பாதி வீட்டுச் சோறு அந்தத் தீர்ப்பில் இருந்தது.

"நெசமா உன்ன யாரு அனுப்புனது? கம்பெனியா?"

"உங்க சங்கம்தான் கூப்பிட்டுச்சு."

"சங்கத்தையே வெலைக்கு வாங்குவானுங்க அவனுங்க. நீ எம்மாத்திரம்?"

குழாய்ப் பக்கம் இலை பறித்து முடித்ததும், "இப்ப குழாய்த் தண்ணி எட்டாத மரத்துக்கு விடுங்க ஐயா" என்றாள்.

"போன வாரம் சங்கத்துல ரெண்டு எடத்துல எடுக்கணும்னியே, அப்பவே தெரியும். நல்ல இலையைக் காட்டி எல்லா மரமும் சொகமா கீதுன்னு எழுதுவ!"

"ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஐயா."

"எடு, எடு. என்னாண்டயே கத விடுறியா?" என்று சிரித்தபடி படகைத் திருப்பினார்.

இரண்டு வாரம் கழித்துக் கையில் காகிதத்தோடு கரைக்கு வந்தாள் அர்ச்சனா. முகம் வாடியிருந்தது.

"குழாய்ப் பக்கத்து மரத்துல அந்த ஹார்மோன் ரொம்ப ஏறியிருக்கு ஐயா."

"அப்ப ஜெயிச்சிட்டோம்னு சொல்லு!"

"இல்ல. குழாய்த் தண்ணி எட்டாத மரத்துலயும் அதே அளவு இருக்கு. அதுல கம்மியா இருந்தாத்தான் குத்தம் குழாய் மேலன்னு சொல்ல முடியும். நாளைக்கு கோர்ட்ல இதைக் கொடுக்கணும். ஏரி முழுக்கவே இப்படித்தான்னு கம்பெனி தப்பிச்சிடும். அந்த மரத்துக்கு என்ன வந்துச்சுன்னுதான் புரியல."

நல்ல இலை எதுவும் அவள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று, இலை பறிக்கும் முன் ஒரு வாரமாகக் கருவாட்டுத் தொட்டியின் கடும் உப்புத்தண்ணீரைக் குடம் குடமாக அந்த மரங்களின் வேரில் கொட்டியவர் சாலமன்தான்.