நான்காவது கல்

மேசைமேல் மூன்று கற்களை வரிசையாக வைத்துவிட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று காலி.

கல்குவாரியில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆட்கள் பாறைச் சுவருக்கு அடியில் இறங்குமுன் கடப்பாரையால் அதைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துச் சொல்வது அவள் வேலை. ணங்கென்று கேட்டால் இறங்கலாம். பொத்தென்று கேட்டால் உள்ளே பாறை பிளந்து விட்டுப்போயிருக்கிறது, கிட்டேயே போகக்கூடாது.

பதினோரு வருடம். ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

செவ்வாய்க்கிழமை சுவர் சரிந்தது. துளைபோடும் நெட்டையன் அதற்கு அடியில் இருந்தான்.

"இதப் பாரும்மா." பொறியாளர் முதல் கல்லைத் தூக்கிக் காட்டினார். "பூமிக்குள்ள கொதிச்சுக்கிட்டிருந்த குழம்பு ஆறி இறுகினது. தீப்பாறை."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டாவது கல், தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த மண்ணும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே பாரம் ஏற ஏறக் கெட்டிப்பட்டது. மூன்றாவது, இவற்றில் ஏதோ ஒன்று ஆழத்தில் மாட்டிக்கொண்டு, சூட்டிலும் அமுக்கத்திலும் வேறு கல்லாக மாறியது.

"நசுங்க நசுங்க, முன்னாடி என்னவா இருந்துச்சுன்னே தெரியாமப் போயிடும்," என்றார்.

தட்டுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். தார்ப்பாயை விலக்கி நெட்டையனைக் காட்டியபோது அவளும் பார்த்திருந்தாள். அவளுக்கா இந்தப் பாடம்?

"உங்க குவாரி மொத்தமும் முதல் வகை. ஒரே கட்டி. அது தானா சரியாது. எங்கயோ விரிசல் இருந்திருக்கு, நீ கவனிக்கல. மனுஷங்கதானே, தப்பு நடக்கும்."

அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். அடியில் இரண்டு கோடுகள். ஒன்று, தட்டிப் பார்த்தவர் தன் தவறை ஒப்புக்கொள்ள. இன்னொன்று, அந்தத் தவறால்தான் கணவன் செத்தான் என்று நெட்டையன் மனைவி ஒப்புக்கொள்ள. இரண்டிலும் கையெழுத்து விழுந்தால் கோப்பு மூடப்படும். நாளைக் காலை நாற்பது பேர் அதே சுவருக்கு அடியில் இறங்குவார்கள்.

அறிக்கையை நிரப்பிய குவாரி மேஸ்திரி, பெயர் எழுத வேண்டிய இடங்களை மட்டும் காலியாக விட்டிருந்தார். அவர் கதவோரமாக நின்று, சுவரில் தொங்கிய நாட்காட்டியை முதல்முறை பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் மழைக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை காலை சுவர் பொத்தென்றுதான் கேட்டது. தட்டிய ஆறு இடத்திலும். இன்றைக்கு ஒருத்தரும் இறங்கக்கூடாது என்று அவள் சொன்னாள்.

அதற்கு இதே மேஸ்திரி, "ஏன்டா நெட்டை, அவ சொன்னா அப்படியே நின்னுடுவியா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையனும் சிரித்தான். சிரித்தபடியே துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அவள் வேலைச் சட்டையின் பைக்குள் கைவிட்டாள். விரல் தடிமனில் சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்து, மூன்று கற்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பொறியாளர் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கேட்காமல் எடுத்து அதன்மேல் ஊற்றினாள். விளிம்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. கட்டை விரல் நகத்தை ஒரு கோட்டில் வைத்து நெம்பினாள். கல் இரண்டு தகடாகப் பிரிந்து விழுந்தது. நடுவில் வழவழவென்று சேறு.

"மேல இருக்கறது நெருப்புல பொறந்த கல்லுதான் சார். நான் இல்லன்னு சொல்லல. அதுக்கு அடியில இது ஓடுது. குழியப் பாத்துச் சாஞ்சு ஓடுது. மழத்தண்ணி எறங்குனா வழுக்கும். நான் சொன்னேன்."

அவர் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"இது எங்க கிடைச்சுது?"

"அவன் நெஞ்சு மேல."

மின்விசிறி அறிக்கையின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பொறியாளர் தகட்டைக் கீழே வைத்தார். ஈரமான காகிதத்தைத் துடைத்தார். பேனாவை மூடித் திறந்தார். பிறகு, பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தவர்போல, காலி நாற்காலியைப் பார்த்தார்.

"சரி, உன் கதைய அப்புறம் பேசலாம். மேஸ்திரி, நெட்டையன் சம்சாரம் எங்க? வரச் சொன்னேனே. முதல்ல அவங்க கையெழுத்த வாங்குவோம். இவ மேல அவங்களுக்கு ஆத்திரம் இருக்கும், யோசிக்காமப் போட்டுடுவாங்க."

"சார், அது வந்து..." என்றார் மேஸ்திரி.

தட்டுக்காரி எழுந்தாள். மேஸ்திரியின் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். இரண்டாவது நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன் சார்," என்றாள். "மொதல்லேருந்து சொல்லுங்க. கல்லு எப்படி உண்டாகுது?"