அப்பாவின் சொற்கணம்

மாலை நான்கு பத்துக்கு வீடு, சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியே, செழியனின் குரலில் பேசத் தொடங்கியது.

“மழை வருது, துணிய எடு.”

வெளியே நல்ல வெயில். ஆறு வயது மகிழினி எழுந்துபோய்க் கொடியைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பா செழியன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அவன் வீட்டில் பேசுவதைப் பதிந்து சேர்த்துவைக்கும் கணினி நிரலை எழுதியவள் அவன் மனைவி பூரணி. சொற்களை மட்டும் ஏற்கும்படி வகை குறித்தாள். இருமலும் சிரிப்பும் வெளியே நின்றுவிட்டன. பட்டியலாக வைக்காமல், கணக்கில் ‘செட்’ என்கிறார்களே, அந்தக் கணமாக வைத்தாள். கணத்தில் எதுவும் ஒருமுறைதான் இருக்கும்; முன் பின் என்ற வரிசையும் கிடையாது.

“ஒரே விஷயத்த நூறு தடவ சொல்றீங்க. ஒண்ணு போதும்,” என்றாள் அன்று.

“நூறாவது தடவதானே உன் காதுல விழுது,” என்றான் அவன்.

பதினோரு வருடப் பேச்சு நாற்பது நிமிடத்துக்குள் அடங்கியது.

“சாவி எங்க?” என்றது குரல். “சாம்பார்ல உப்பு பத்தல.” பிறகு, மிக மெதுவாக, “மகிழு.”

தொட்டிலில் தூங்கும் பச்சைக் குழந்தையை எழுப்பிவிடாமல், புதுப் பெயரை அவன் முதன்முதலாகச் சொல்லிப் பார்த்தது அது. பிறகு தினமும் வாசலிலிருந்து உரக்கக் கூப்பிட்டதெல்லாம் அதே சொல் என்று விடுபட்டுப் போனது.

“என்னப்பா?” என்று மகிழினி சுவரருகே போய் நின்றாள்.

“ஃபேனக் கொறை,” என்றது வீடு.

அவள் குறைத்தாள். கடைசிச் சொல்வரை காத்திருந்தாள். வீடு அமைதியானதும் திரும்பினாள்.

“அம்மா, அப்பா என்னை ஒரே ஒரு தடவதான் கூப்பிட்டாரா?”