இருதயம்மாள் வீட்டு வைஃபை

ராயபுரத்தில் லேப்டாப் ரிப்பேர் செய்கிறவர்களில் ரஞ்சித் கொஞ்சம் விசேஷமானவன். ஒரு கோளாறைச் சரிசெய்தால் இன்னொன்றை வைத்துவிட்டு வருவான். இல்லாவிட்டால் மறுபடி யார் கூப்பிடுவார்கள்?

அன்று மத்தியானம் போன் வந்தது.

"நைனா, கல்மண்டபம் பக்கத்துல இருதயம்மாள் வூடு. லேப்டாப்பு அப்டேட்டுன்னு ஒண்ணு கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேன். அத்தோட வைஃபை பூட்ச்சி. அர்ஜெண்டு, ஒடனே வா."

அவசர வேலைக்கு நடுவில் அப்டேட் கேட்பதும், கேட்டு வாங்கிக்கொண்டு நன்றாக இருந்ததைக் கெடுப்பதும் லேப்டாப்பின் சுபாவம். ரஞ்சித்தின் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. உடனே கிளம்பினான்.

வாசலில் 'ஹென்றி – இருதயம்மாள் இல்லம்' என்று பளிங்குக் கல். கேட்டுக்கு மேலே ஒரு கேமரா. "கதவு தொறந்துதான் கீது, வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாற்பது வயது இருக்கும். நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு. இந்தப் பக்கத்தில் வீட்டுக்காரி யாரென்று தெரிந்துகொள்ளப் பத்திரமெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் துண்டே போதும். ஹாலில் மூன்று பெரிய பைகள் வாய் பிளந்து கிடந்தன.

"வேளாங்கண்ணிக்குப் போறேன் நைனா. அவரு பசங்களோட மொதல்லியே நட்ந்து போய்ட்டாரு. நான் இன்னிக்கி பஸ்ஸுல. திரும்பி வர நாலு நாளாவும்."

ரஞ்சித்தின் காதில் தேன் பாய்ந்தது.

"ஊருக்குப் போற நேரத்துல வைஃபை இன்னாத்துக்குக்கா?"

"வாசல் கேமராவுக்குத்தான். அது பாட்டுக்கு ரெக்கார்டு பண்ணிகினுதான் கீது. லேப்டாப்புல நெட்டு இல்லாம அத்த தொறந்து பாக்க முடில. வூட்டப் பூட்டிகினு போறோம், திருட்டுப் பசங்க ஜாஸ்தியாய்ட்டானுங்க."

"ஆமாக்கா, ரொம்ப ஜாஸ்தி" என்று ரஞ்சித் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டான்.

அப்டேட் வந்து வைஃபை டிரைவரை மாற்றிப் போட்டிருந்தது. பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து, லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற காரியம். ஆனால் அப்படிச் சட்டென்று முடித்தால் தொழிலுக்கு என்ன மரியாதை? நெற்றியைச் சுருக்கினான். உச்சுக் கொட்டினான். "சிஸ்டம் ரொம்ப அடி வாங்கிக்கீதுக்கா" என்று பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

அவள் சமையலறையில் சர்க்கரைக்காக டப்பா டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கேமராவைத் தன் போனிலும் சேர்த்துக்கொண்டான். இனி அவன் சொன்னால் அது கண்ணை மூடும். பீரோ எந்த அறையில் என்று வரும்போதே பார்த்துவைத்தாயிற்று. நாளை மத்தியானம் இந்த வீட்டில் அவனும் பீரோவும் மட்டும்தான்.

டீ சர்க்கரையில்லாமல் வந்தது. "வூட்ல எல்லாருக்கும் சுகரு" என்றாள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். ராயபுரத்தில் இப்படியும் ஒரு பெண்மணியா என்று அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவ்வளவு நல்லவளிடம் திருடப் போகிறோமே என்று ஒரு நிமிஷம் வருத்தப்பட்டான். அந்த வருத்தத்துக்குப் பரிகாரமாக, "பையெல்லாம் நானே ஆட்டோல வச்சிடறேங்க்கா" என்றான்.

"நல்லாருப்பே. எட்த்துகினு நீ முன்னால போ. நான் லேப்டாப்ப அணைச்சிட்டுப் பூட்டிகினு வரேன்."

பைகள் நல்ல கனம். மாதாவுக்குக் காணிக்கை பலம்தான், பீரோவில் நமக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டே, தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏற்றினான். "நீ கெளம்பு மாமு, அக்கா வந்துடும்" என்றான் ஆட்டோக்காரன்.

மறுநாள் மத்தியானம் ரஞ்சித் தோளில் பையோடு கிளம்பினான். ராத்திரியில் சுவரேறிக் குதிக்கிறவனைத்தான் திருடன் என்பார்கள். பட்டப்பகலில் ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறவன் மெக்கானிக். போனில் பார்த்தான். கேமரா ஏற்கெனவே அணைந்திருந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள், புண்ணியவதி.

கேட் திறந்தே கிடந்தது. ஹாலில், மொட்டைத் தலையும் காவிச் சேலையுமாக ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்திருந்தாள். பஸ் கிடைக்காத சொந்தக்காரி போலிருக்கிறது. ரஞ்சித் சட்டென்று சமாளித்துக்கொண்டான்.

"இருதயம்மாள் அக்கா கீறாங்களா? நேத்து நெட்டு சரி பண்ணேன். ஒழுங்கா வருதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நான்தாம்பா இருதயம்மாள்" என்றாள் அவள். "காலையிலதான் வேளாங்கண்ணில இருந்து வந்தோம். வூட்டயே தொடைச்சி எட்த்துகினு பூட்டாங்கப்பா."

நைட்டி, துண்டு, சர்க்கரை இல்லாத டீ எல்லாம் ரஞ்சித்துக்கு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. மெல்லப் பின்வாங்கினான். முதுகு ஒரு கான்ஸ்டபிள் மேல் இடித்தது.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"கேமராவுல புதுசா ஒரு போன் சேர்ந்திருக்கே, உன்னோடதா? மத்த பதிவையெல்லாம் அழிச்சவன் ஒண்ணே ஒண்ண மட்டும் மறந்துட்டியே. நெட்டு ரொம்ப ஒழுங்கா வருது தம்பி. வா, நீயே பாரு."

மூன்று பைகளையும் சுமந்துகொண்டு, சிரித்த முகமாக ரஞ்சித் அந்தக் கேட்டைத் தாண்டிப் போகும் காட்சி, ஓர் இடத்தில்கூடச் சிக்காமல் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.