பதினொன்றாம் எண்ணுக்கு எதிரே

டார்லாவின் நோட்டில் எதிரணியின் நான்கு பெயர்களுக்கு எதிரே தங்கள் அணியின் நான்கு பெயர்கள் இருந்தன. ஐந்தாவதற்கு எதிரே வெறும் கோடு.

அந்த ஐந்தாவது பெயர் டேவியன் ரஸ்க். எண் பதினொன்று. பத்தொன்பது வயது, இடது கைக்காரன். ஹார்லோ கல்லூரிக் கூடைப்பந்து அணி இந்தப் பருவத்தில் சொந்த அரங்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காததற்கு அவன்தான் காரணம்.

"இவனை யாரு மறிக்கிறது? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார் டார்லா. முப்பது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவர். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குப் பாப்கார்ன் இறங்காது.

வெளியூர் ரசிகர்களுக்கு எந்த அரங்கிலும் ஒதுக்குகிற இடம் ஒன்றுதான்: கூரைக்கு அடியில், கடைசி மூலை. ஐயோவாப் பனியில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு அதுவே சிம்மாசனம்.

"நம்ம மெக்கானைப் போடலாம்," என்றார் லைல்.

"மெக்கானா? டேவியன் ஒரு திரும்பு திரும்பினான்னா மெக்கான் கார் நிறுத்துற இடத்துல போய்த்தான் நிப்பான்."

லைல் பழைய கார் வியாபாரி. ஓடாத வண்டியை 'ஓய்வெடுக்கிறது' என்று சொல்லி விற்றவர். ஒரு விலை படியாவிட்டால் அடுத்த விலைக்கு வந்துவிடுவார்.

"சரிம்மா, ரெண்டு பேரா மறிப்போம். நான் அந்தப் பையனோட வீடியோ பத்துப் பாத்திருக்கேன். ரெண்டு பேர் போதும்."

மூன்றாவது இருக்கையில் இருந்த வென்டல் மெல்லச் சொன்னார்: "அவன் இடது பக்கம்தான் கிளம்புவான். மூணு தட்டு. மூணாவது தட்டுல வலது தோளை இறக்கிக் காட்டுவான். அங்க ஏமாந்தா போச்சு."

"கேட்டுக்கங்க! பெஞ்சுக்குக் காவல் இருக்கிறவனோட அப்பா பேசுறார்."

வென்டல் சிரித்து வைத்தார். லைல் சொன்னதில் பொய் இல்லை. மகன் கிரேடி நாலு வருடமாக அணியில் இருக்கிறான். ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறங்கியதில்லை. நாலு வருடத்தில் ஒரு தடவையாவது அந்த நீல மேல்சட்டையின் ஜிப்பை ஆட்டத்துக்காக இறக்கியிருப்பானா? இல்லை. இன்னும் ஐந்து ஆட்டம், பிறகு படிப்பு முடிந்தது. அவன் அங்கே எதற்கு இருந்தான் என்று இந்த இரண்டு பேராவது தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்தது வென்டலுக்கு. ஆனால் பயிற்சிக்கூடத்தில் நடப்பது வெளியே போகக் கூடாது என்பது பயிற்சியாளரின் உத்தரவு.

கீழே, இவர்கள் பக்கத்து வளையத்தில், கிரேடி தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான்.

திடீரென்று அரங்கு முழங்கியது. டேவியன் வந்தான்.

அவன் ஓடினான் என்று சொல்ல முடியாது. தரை அவனை வழியனுப்பி வைத்தது. பந்து அவன் கையை விட்டுப் போனதும் தெரியவில்லை, திரும்பி வந்ததும் தெரியவில்லை. லைல் வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். எதிரிதான். ஆனால் கண் என்ன செய்யும்?

டேவியன் அந்தப் பக்கத்து வளையத்துக்கு எதிரே எறிகோட்டில் நின்றான். பந்தை இரண்டு முறை சுழற்றினான். வலது உள்ளங்கையால் இடது காலணியின் அடியைத் துடைத்தான். ஒரு மூச்சு விட்டான். போட்டான். வலை ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

லைல் துள்ளி எழுந்தார். "அட, இதைப் பாருங்கய்யா! நம்ம கிரேடி மாதிரியே போடுறான்!"

டார்லாவின் பென்சில் நின்றது. அவர் அந்த வளையத்தைப் பார்த்தார். இந்த வளையத்தைப் பார்த்தார். மறுபடி அந்த வளையம்.

"லைல், பத்து வீடியோ பாத்தேன்னு சொன்னீங்களே?"

"எட்டு இருக்கும்."

"லைல்."

"சரி, ஒண்ணு. அதுவும் பாதி."

வென்டலால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "திங்கட்கிழமைல இருந்து எங்க வீட்ல டேவியன்தான் சாப்பிடுறான். முட்டையைக்கூட இடது கையால."

கிரேடி பிறவியில் வலது கைக்காரன். ஒவ்வொரு திங்களும் பயிற்சியாளர் அவனிடம் ஒரு சிவப்புப் பனியனைக் கொடுப்பார், அந்த வாரத்து எதிரியின் எண்ணோடு. வாரம் முழுக்க அவன் அந்த ஆளாகவே ஆட வேண்டும். மற்றவர்கள் அவனை மறித்து மறித்துப் பழகுவார்கள். நாலு வருடத்தில் அறுபது பேராக இருந்திருக்கிறான். ஆட்டத்தன்று பனியனைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். இந்த முறை பழக்கம் கையை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

கீழே டேவியன் கவனித்துவிட்டான்.

பந்தை இடுக்கிக்கொண்டு நடுக்கோடு வரை வந்தான். கால் விரல் கோட்டைத் தொடாமல் நின்றான். ஆட்டத்துக்கு முன்னால் அதைத் தாண்டுவது சண்டைக்குக் கூப்பிடுவது.

கிரேடிக்கு முதுகு அந்தப் பக்கம். அவன் பார்க்கவில்லை. இரண்டு சுழற்சி. காலணித் துடைப்பு. ஒரு மூச்சு. இடது கை. வலை அதே பெருமூச்சு விட்டது.

தன் முதுகைத் தானே நேரில் பார்த்துவிட்டவன் எப்படி நிற்பான்? டேவியன் அப்படி நின்றான்.

பிறகு திரும்பிப் போனான். கோட்டில் நின்றான். பந்தை இரண்டு முறை சுழற்றினான். வலது கை காலணிக்குப் போகப் பாதி வழி இறங்கியது. வெட்கப்பட்டதுபோல் நின்றது.

துடைக்காமலே போட்டான்.

பந்து வளையத்தில் 'டங்' என்று அடித்து வெளியே விழுந்தது.

கூரைக்கு அடியில் லைல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டார்லா பென்சில் முனையை நாக்கில் தொட்டு, பதினொன்றாம் எண்ணுக்கு எதிரே, கோட்டின் மேல், ஒரு பெயரை எழுதினார்.

ஆட்டம் தொடங்க இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. கிரேடி பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்து, நீல மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டுக்கொண்டான்.